கெண்டை மீனுக்குப் பெரட்டு

கதிர்காமத்து முருகன் மேல் ஆணை. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தும் சொல்லலாம்: கீழே வருவதில் ஒரு சொல் கூட்டியதும் இல்லை, ஒரு சொல் குறைத்ததும் இல்லை. நம்பாதவர்கள் தெமோதரைக்கு நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். பஸ்ஸை விட்டு இறங்கியபின் நான்கு மைல் ஏற்றம், முழங்கால் போய்விடும். அதனால் நம்பிவிடுவதே உத்தமம்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. பதுளையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்த மதுசூதனன் மாஸ்டருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. ஊர் யாழ்ப்பாணம், மாற்றலாகி மலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அவருடைய களைப்பு சாதாரணக் களைப்பு அல்ல. ஆசிரியர் அறையில் அவர் உட்கார்ந்தால் நாற்காலிதான் பெருமூச்சு விடும். ஒருமுறை ஹாலிஎலச் சந்தியில் அவர் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே மேய்ந்த சேவல் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தது, கொட்டாவி விட்டது, பகல் பதினொரு மணிக்கே கூரையில் ஏறிப் படுத்துவிட்டது. கண்ட சாட்சி மூன்று பேர்.

களைப்புக்குக் காரணம் ஒரு பட்டம். முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு அவர் பதிந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருஷம் முடிஞ்சிடும்" என்று ஆசிரியர் அறையில் சொல்லுவார். கேட்டவர்களில் நான்கு பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். கடைசியாகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: இனித் தவணை நீடிப்பு இல்லை, ஜூலை முப்பத்தொன்றுக்குள் மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு அறிக்கை வராவிட்டால் பதிவு நீக்கப்படும். நீக்கினால் பதினொரு வருடமும் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதை நினைக்கவும் அவருக்கு அலுப்பாக இருந்தது.

வேலை இதுதான். மீனின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நான்கே நான்கு எழுத்தில் எழுதிய நீண்ட வாசகம் ஒன்று உண்டு. மாஸ்டருக்கு வாய்த்த கெண்டை விரல் நீளம்தான்; வாசகம் எண்பது கோடி எழுத்து. அதை ஒரே மூச்சில் வாசிக்க எந்த இயந்திரத்துக்கும் வராது. ஆகவே துண்டு துண்டாகக் கிழித்து வாசித்து, ஓரம் ஒத்துப்போகிற துண்டுகளைக் கணினியில் ஒட்டி, முழு வாசகத்தையும் திரும்பக் கோர்ப்பார்கள். அந்தக் கோர்வை ஒருமுறை வெளியானால், பிறகு அந்த மீனைப் பற்றி உலகத்தில் யார் எதை எழுதினாலும் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். இந்தக் கெண்டையை இரண்டு கூட்டம் தனித்தனியே கோர்த்திருந்தது. எந்தக் கோர்வை நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் கோர்வை கடல் கடந்த யாரோ செய்தது: அறுபத்தோராயிரம் துண்டாகக் கிடந்தது. இரண்டாவது, மாஸ்டரின் மேற்பார்வையாளர் பேராசிரியர் இரகுநாதனின் சொந்தக் கைவேலை: இருநூற்றுப் பதினான்கே துண்டு, ஒவ்வொன்றும் ரயில் பாதைபோல நீளம்.

"நீளத்தைப் பாரும்," என்று பேராசிரியர் தொலைபேசியில் சொன்னார். "துண்டுகளைப் பெரிசிலை இருந்து சின்னனா அடுக்கும். மொத்த நீளத்திலை பாதி வாற இடத்திலை எந்தத் துண்டு நிக்குதோ, அதின்ரை நீளம்தான் மதிப்பெண். கூடினது நல்லது. பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்."

மாஸ்டர் அப்படியே எழுதத் தயாராகத்தான் இருந்தார். இடைஞ்சல் என்னவென்றால், அறிக்கையில் சேர்க்க வேண்டிய அட்டவணையில் இன்னொரு நிரல் வெறுமையாகக் கிடந்தது. உயிருள்ள எந்தப் பிராணியிடமும் இருந்தே தீரவேண்டிய மரபணுக்கள் என்று நானூற்று ஐம்பத்தெட்டின் பட்டியல் ஒன்று உண்டு. கோர்வை நல்லதென்றால் அவை அதில் அகப்பட வேண்டும். இரண்டிலும் எத்தனை அகப்படுகின்றன என்று போடாத அட்டவணையைப் பரீட்சகர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆறு கணினி, ஓடுவது ஒன்று. கோர்வைகள் வந்த இரண்டு குறுந்தட்டில் ஒன்றைப் போட்டதும் அது முனகத் தொடங்கியது. இரண்டு பாடவேளை முனகியபின், நினைவு போதாது என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்தது. மாஸ்டருக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. அவருக்கும் அதே நிலைதான்.

வீட்டில், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் லிகிதராக இருந்த மனைவி வதனி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "என்னப்பா, ஒரு மீனைப் பதினொரு வருஷமாக் காச்சிறியள். இன்னும் உப்புப் பாக்கேல்லையோ?"

"இந்த முப்பத்தொண்டோடை முடியுது."

"ஆர், மீனோ, நீங்களோ?"

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு பஸார் வீதியில் தாஸிம் நானாவின் கடைக்குப் போனார். போட்டோக் கொப்பி, தொலைபேசி, அடையாள அட்டைப் படம் எல்லாம் ஒரே கடை. நானா தட்டை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஃபைல் தொறக்காட்டி என்ன மாஸ்டர்? பிரிண்ட் எடுப்போம். பேப்பர்ல வந்தா எல்லாம் வெளங்கும்."

"நானா, ஒரு கோர்வைக்கு ரெண்டு லட்சம் பக்கம் வரும்."

"ரெண்டு பக்கமும் அடிச்சா ஒரு லட்சம். அதுக்கேன் மொகத்த இப்புடி வெச்சிருக்கீங்க?"

கணினியால் திறக்க முடியாததை அச்சு இயந்திரம் எப்படி அடித்தது என்று கேட்பவர்கள் தாஸிம் நானாவை அறியாதவர்கள். வெலிமடையிலிருந்து லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிவரும் லொறிகள் ஒரு வாரம் காகிதம் ஏற்றின. இயந்திரம் ஒன்பது நாள் நிற்காமல் ஓடியது. மூன்றாம் நாள் அதன் மூடி கொதித்து, நானாவின் மனைவி ஜெனீரா அதன்மேல் அப்பளம் சுட்டு இறக்கினாள். ஆறாம் நாள் பதுளை நகரம் முழுக்க மின்விளக்குகள் மங்கின. மின்சாரசபைக்காரர் காரணம் தேடி வந்து, ஒரு அப்பளம் தின்றுவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள், கூரையைத் தொட்ட காகிதக் குவியலின் அடியில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தபோது யோகம்மா வந்தாள். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. அங்கே அந்த வேலைக்கு வந்த முதல் பெண். நாற்பது வயது இருக்கும். தோட்டத்தின் பெயர் வேண்டாம், துரை இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார். தன் ஆட்களின் அடையாள அட்டை விண்ணப்பங்களைப் பிரதி எடுக்க வந்தவள் மேலே இருந்த தாளை உருவிப் பார்த்தாள்.

"என்னங்க சார் இது, திரும்பத் திரும்ப நாலே எழுத்தா வருது?"

"மீன், யோகம்மா."

"மீனா? முள்ளு எங்கங்க?"

நானா சிரித்தார். மாஸ்டருக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை, விளக்கிச் சொன்னார். பட்டியலில் நானூற்று ஐம்பத்தெட்டுப் பேர். இரண்டு குவியலிலும் யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்க வேண்டும். யோகம்மா தலையை ஆட்டிக் கேட்டாள்.

"இது பெரட்டு தானேங்க சார்? காலையில ஆளுங்கள நிக்க வச்சுப் பேரு கூப்புடுறோம். வந்தவன் வந்தான், வராதவன் வரல. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா பதினோரு வருசம்?"

மாஸ்டர் அவள் உருவிய தாளை வாங்கிக் குவியலில் திரும்ப வைத்தார்.

"ஞாயித்துக்கெழம பேப்பர ஏத்தி அனுப்புங்க. ரெண்டு டிவிசன் ஆளுங்களையும் நான் கூப்புட்டு வாறேன். நாலு எழுத்து என்னங்க பெரிய எழுத்து?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பெரட்டுக் களத்தில் நானூற்று ஐம்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். சரியாக அத்தனை பேர். தேயிலை நிரைகளுக்கு நடுவே காகிதம் விரித்தாயிற்று. பேராசிரியரின் நீளக் கோர்வை மேல் மலையில். அறுபத்தோராயிரம் துண்டுக் கோர்வை கீழ் மலையில். அன்று காற்று அடிக்கவில்லை. துரை லீவில் போயிருந்தார். காற்றையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

ஆளுக்கொரு சீட்டு. சீட்டில் ஒரு மரபணுவின் எழுத்து வரிசை. அதைக் காகிதத்தில் தேடிப்பிடித்து அதன்மேல் நிற்க வேண்டும்; யோகம்மா எண்ணைக் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். பேசிக்கொண்டே, பார்க்காமலே, கொழுந்தையும் முற்றலையும் விரலால் பிரிக்கிறவர்களுக்கு இது ஒரு வேலையா? மேல் மலை முழுவதையும் பத்து மணித் தேத்தண்ணிக்கு முன் வாசித்து முடித்தார்கள். ஒரு கிழவி மட்டும் எழுத்துக்கள் மிகவும் வறட்சியாக இருப்பதாகக் குறை சொன்னாள்.

"நூத்தி முப்பத்தொண்ணு!"

"இருக்கேங்க!"

"நூத்தி முப்பத்திரெண்டு!"

"இருக்கேங்க!"

மேல் மலையில் நானூற்று ஐம்பத்தெட்டும் இருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுக் கீழ் மலைக்கு இறங்கினார்கள். அங்கேயும் நானூற்று ஐம்பத்தெட்டும் இருந்தது.

மாஸ்டர் குறிப்புப் புத்தகத்தை மூடினார். எந்தக் கோர்வையிலும் நூற்றுக்கு நூறு வராது; வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இரண்டிலும் வந்தது என்றால் எங்கேயோ பிழை. கீழ் மலையில் இறங்கி, எழுபத்தேழாம் எண்ணுக்குக் குரல் கொடுத்த நிசாந்தினி என்ற பெண்ணிடம் போனார்.

"எழுபத்தேழு எங்கை?"

"காணலங்க சார்."

"பிறகேன் இருக்கெண்டு சொன்னனீங்கள்?"

"பாவம் சார். வரலன்னா பேரு விழாம போயிரும்ல?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. பெரட்டில் குரல் வராவிட்டால் அன்றைய பேர் போச்சு. ஆகவே யாராவது பிந்தினால், காய்ச்சலில் கிடந்தால், பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துவிடுவார். பிறகு வந்து சேர்ந்துகொள்வார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

"மீனுக்குப் பேர் விழத் தேவையில்லை, பிள்ளை."

"அது ஒங்களுக்குத் தெரியும் சார். மீனுக்குத் தெரியுமா?"

பக்கத்து நிரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டர் தேயிலைத் தூர் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நாள் அச்சு, நான்கு லட்சம் பக்கம், அத்தனை பேருடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

யோகம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "எந்திரிங்க சார், ஈரம். இது எனக்குத் தெரிஞ்ச திருட்டுதான். பொய்க் கொரல் குடுக்குறவன எப்படிப் புடிப்போம் தெரியுமா? 'ஒனக்குப் பக்கத்து நெர யாரு'ன்னு கேப்போம். நெசமாவே நெரையில நிக்கிறவனுக்குத் தெரியும். சும்மா கொரல் குடுத்தவன் முழிப்பான். ஒங்க மீனுல யாரு பக்கத்துல யாருன்னு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கா?"

இருந்தது. தட்டின் அடியில், யாரும் திறந்து பார்க்காத சின்னக் கோப்பு ஒன்று: முதன்முதல் கிழித்து வாசித்தபோது, எந்தத் துண்டுக்கு எந்தத் துண்டு அயல் என்று இயந்திரம் நேரே கண்ட பட்டியல். தாஸிம் நானா அதையும் அச்சடித்து, மறந்துபோய், அதில் மாஸ்டருக்கு ரொட்டி சுற்றிக் கொடுத்திருந்தார். மாஸ்டர் ரொட்டியைச் சாப்பிட மறந்திருந்ததால் பட்டியல் பிழைத்தது.

யோகம்மா கீழ் மலையிலிருந்து தொடங்கினாள்.

"எழுபத்தாறு! ஒனக்கு வலது கைப் பக்கம் யாரு?"

"இருந்திருக்கணுங்க. இங்க தாள் கிழிஞ்சிருக்கு. தெரியாதுங்க."

"எழுபத்தெட்டு!"

"எடது பக்கம் எண்பத்தொம்பது, வலது பக்கம் முந்நூத்திநாலுங்க."

பட்டியலிலும் அப்படியே இருந்தது. கீழ் மலையில் முப்பத்தொரு பேர் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். மற்ற எல்லோரும் தங்கள் அயலைச் சரியாகச் சொன்னார்கள். துண்டு முடிகிற இடத்தில் தெரியாதுங்க என்றார்கள். கோர்வையிலும் அந்த இடங்களில் தெரியாது என்றே குறி போட்டிருந்தது.

மேல் மலையில் கதை வேறு.

"நூத்திப்பத்து! பக்கத்துல நிக்கிறது யாரு?"

"இருநூத்தி நாப்பதுன்னு சொல்றாருங்க. நான் இவர இதுக்கு முந்திப் பாத்ததே இல்ல."

"நானும் இவர பாத்ததில்லீங்க," என்றது இருநூற்று நாற்பது. "ராவோட ராவா யாரோ கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க."

நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்நியருக்குப் பக்கத்தில் நின்றார்கள். மிக நீளமான துண்டு, மதிப்பெண்ணை உயர்த்திப் பிடித்திருந்த அந்தத் துண்டு, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பதினொரு துண்டை வாலும் தலையுமாக ஒட்டியது. ஒன்று தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. அதன்மேல் நின்ற மனிதர் காலையிலிருந்து தலைசுற்றுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினார்கள். யோகம்மா மாஸ்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்தப் பக்கம் சார் கெலிச்சது?"

"கீழ்ப் பக்கம்."

"நீங்க எது கெலிக்கணும்னு நெனச்சீங்க?"

"மேல் பக்கம். அதைச் செய்தவர்தான் எனக்குக் கையெழுத்து வைக்கவேணும். அது கூடாதெண்டு எழுதினா எப்பிடி வைப்பார்?"

அவள் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "அப்போ மேப் பக்கத்தையே எழுதுங்க சார். நாங்க இத்தன பேரு பொய்யி சொல்லலியா? நீங்க ஒண்ணு சொன்னா மல சாஞ்சிருமா?"

மலை சாயாது. அது மாஸ்டருக்கும் தெரியும். மறுநாள் ஆசிரியர் அறையில் வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, நீளக் கோர்வையே சிறந்தது என்று முதல் வரியை எழுதினார். எழுதிவிட்டுப் பார்த்தார். இதை நிறுத்தி வைக்க இன்னும் பத்துப் பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு அந்நியருக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும். தலைகீழ்த் துண்டுக்கு ஒரு வியாக்கியானம். நாளைக்கு எவனாவது கேட்டால் எந்தக் காரணம் எந்த இடத்தில் சொன்னோம் என்று ஞாபகம் வேறு வைத்திருக்க வேண்டும். அவருக்குத் தலை கனத்தது. உண்மை நான்கு பக்கத்தில் முடிந்துவிடும். பொய்யை எழுத அவரிடம் தெம்பு இல்லை. வரியை வெட்டிவிட்டு, அறுபத்தோராயிரம் துண்டே நம்பத்தக்கது என்று எழுதினார். எழுதி முடித்தபோது மூன்றாம் பாடவேளை மணிகூட அடிக்கவில்லை.

ஜூலை முப்பத்தொன்று காலை ரயிலுக்குப் பதுளை ஸ்டேஷனில் நின்றார். யுத்த காலம்; பையைச் சோதித்த பொலிஸ்காரர் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்ற ஊரைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், என்ன என்று சிங்களத்தில் கேட்டார். மீன் என்றார் மாஸ்டர். பொலிஸ்காரர் தட்டை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பேராசிரியர் இரகுநாதனின் அறைக்குப் போய்ச் சேரப் பின்னேரம் மூன்றரை. அலுவலகம் நான்குக்குப் பூட்டிவிடும். பேராசிரியருக்கு ஓய்வுக்கு இரண்டு மாதம். மேசையில் பாதி ஏற்கெனவே பெட்டிகளுக்குள் போயிருந்தது. நான்கு பக்கத்தையும் வாசித்தார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை ஆர் பாத்தது?"

"தோட்டத்து ஆக்கள், சேர். பெரட்டு வைச்சுப் பாத்தது."

"பதினொரு துண்டு எண்டோ எண்ணினவை?"

"ஓம். ஒண்டு தலைகீழ்."

பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். "தலைகீழ் எண்டது எனக்குத் தெரியாது. மற்றது தெரியும். நான்தான் ஒட்டினனான். அண்டைக்கு வெள்ளிக்கிழமை. நாலு வருஷமா அதுகளோடை மாரடிச்சுக் களைச்சுப் போச்சு. ஒட்டிவிட்டா முடிஞ்சிடும் எண்டு நினைச்சன்."

"முடிஞ்சுதோ, சேர்?"

"எங்கை முடியுறது? மூண்டு வருஷமா ஒவ்வொரு தபாலையும் பயந்து பயந்து உடைக்கிறன். ஆராவது கண்டுபிடிச்சு எழுதிப்போடுவாங்கள் எண்டு." நான்கு பக்கத்தையும் தட்டி ஒழுங்காக அடுக்கினார். "கடைசியிலை நீர். சரி, பேனையைத் தாரும்."

"வைக்கப் போறியளோ?"

"வையாமல் விட்டா நான் ஏன் வைக்கேல்லை எண்டு ஒரு கடிதம் எழுதவேணும். ஆரால ஏலும்?"

கையெழுத்து விழுந்தது. இரண்டு பேரும் நான்காம் மாடியிலிருந்து படியால் இறங்கினார்கள். நடுவில் ஒருமுறை உட்கார்ந்தார்கள். நான்கு அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில், பூட்டைக் கையில் எடுத்த லிகிதர் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார்.

வதனிக்குத் தொலைபேசியில் சொன்னார்: "முடிஞ்சுது."

"மீனோ?"

"ரெண்டு பேரும்."

பட்டம் அடுத்த ஆண்டு தபாலில் வந்தது. பல்கலைக்கழகப் பதிவேட்டில், அதை எழுதியவருக்கும் களைப்போ என்னவோ, மதுசூதனனின் பெயருக்கு நேரே ஆய்வுத் தலைப்பு இப்படி இருக்கிறது: "ஊவா மாகாணத் தேயிலை நிலங்களின் மண்புழுக்கள்."